ஸனது அறுந்த ஏக்கம்

தொண்ணூறுகளை எண்ணி உருகுவது இன்று பெருவணிகமாகிவிட்டது. ‘நைன்டீஸ் கிட்ஸ்’ என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்ட ஒரு தலைமுறை, கைப்பேசியைத் திறந்தாலே பெருமூச்சு விடுகிறது. சிக்கிய ஒலிநாடாவைப் பென்சில் கொண்டு சுற்றிய காலம், வெள்ளிக்கிழமையின் ‘ஒளியும் ஒலியும்’, பேருந்து நிலையத்தில் வாங்கிய பாட்டுப் புத்தகம், பிரபுதேவாவைப் பார்த்து ஆடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட கதை என்று அந்த ஏக்கத்துக்கு முடிவே இல்லை. நம் சமுதாயத்து வீடுகளும் இதற்கு விலக்கல்ல. வந்தவாசியில் காலையில் நிக்காஹ் முடிந்து, இரவில் நடக்கும் வரவேற்பு விருந்துகளில் 1993, 1994ஆம் ஆண்டுகளின் ஆட்டப்பாடல்கள் முழங்கக் கேட்கிறேன். மாப்பிள்ளையின் தோழர்கள் மட்டுமல்லர். மாமன்மாரும் தாளம் போடுகிறார்கள்.

இசை ஆகுமா ஆகாதா என்னும் வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அதற்கென்றே ஒரு தனிப் பகுதி வகுத்துள்ளார்கள். வேண்டுவோர் அங்கே ஓதிக்கொள்ளலாம். என் வழக்கு வேறு. ஏங்குகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் இவர்கள் உண்மையில் எதையுமே நினைவில் வைத்திருக்கவில்லை என்பதுதான் நான் சாட்டும் குற்றம்.

சான்று வேண்டுமா? 1993இல் வந்த ‘ஜென்டில்மேன்’ படத்தின் உசிலம்பட்டிப் பாட்டு, 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ஊர்வசிப் பாட்டு, அதே ஆண்டின் ‘மே மாதம்’ படத்தில் சென்னை நகரைச் சுற்றிக் காட்டும் பாட்டு ஆகிய மூன்றிலும் ஒலிக்கும் ஓர் ஆண்குரல் யாருடையது? ‘திருடா திருடா’ படத்தில் வாத்தியம் ஏதுமின்றி, மனிதக் குரல்களை மட்டுமே அடுக்கி அமைத்த பாடலை முன்னின்று பாடியவர் யார்? விருந்துகளில் தாளம் போட்டவர்களிடமே கேட்டுப் பார்த்தேன். ‘ரஹ்மான் பாட்டு’ என்றார்கள். ‘பிரபுதேவா பாட்டு’ என்றார்கள். பாடியவர் பெயர் வரவில்லை. அவர் சாகுல் ஹமீது. நம்மவர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே சாலை விபத்தொன்றில் மறைந்தார். அவர் குரலுக்கு ஆடிக்கொண்டே அவர் பெயரை மறந்தோம்.

மத்ரஸாவில் ஹதீஸ் ஓதியவர்கள் முதலில் கற்பது ஸனது. இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார், அவர் இன்னாரிடமிருந்து கேட்டார் என்று பெயர்களைக் கோத்துவரும் சங்கிலி அது. சங்கிலி அறுந்தால் செய்தியின் தரம் தாழ்ந்துவிடும். இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். இவர்கள் ஏங்குகின்ற தொண்ணூறுகளில் பாட்டுக்கு ஸனது இருந்தது. மட்டமான தாளில் எழுத்துப் பிழைகள் மலிய அச்சான பாட்டுப் புத்தகம்கூட, படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடலை இயற்றியவர், பாடியவர் என்று மேலே வரிசையாகக் குறித்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்கும். ஒலிநாடாவின் அட்டையிலும் அப்பெயர்கள் இருந்தன. வானொலியில் பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் அவற்றைச் சொன்னார். இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் பின்னாளில் சன் தொலைக்காட்சியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை ஊரே உட்கார்ந்து பார்த்தது. பாட்டைப் பெயரோடு சேர்த்துத் தரும் அந்த ஒழுங்கு அக்காலத்தின் பெருஞ்சிறப்பு. ஏக்கக்காரர்கள் பென்சிலை நினைவில் வைத்துக்கொண்டார்கள்; பெயர்களைத் தொலைத்துவிட்டார்கள்! இன்று கைப்பேசியில் கைமாறும் அரை நிமிடத் துணுக்கில் பாடியவரும் இல்லை, எழுதியவரும் இல்லை. யாரோ ஒருவரின் ஆட்டம் மட்டுமே இருக்கிறது.

ஏங்குவதில் அரபிகளை மிஞ்சியவர் உலகில் எவர்? ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞர், காதலி கூடாரம் அடித்திருந்த இடத்துச் சிதைவின் முன் நின்று அழுதுவிட்டே கஸீதாவைத் தொடங்குவார். இம்ரவுல் கைஸ் அழுத அழுகை இன்றும் பாடமாக ஓதப்படுகிறது. நூற்றாண்டுகளுக்குப் பின் அபூ நுவாஸ் அந்த வழக்கத்தைக் கேலி செய்தார். அந்தக் கேலியும் நமக்குக் கிடைத்திருக்கிறதே, எப்படி? அழுதவர் பெயரையும் சிரித்தவர் பெயரையும் ராவிகள் மனனம் செய்து கையளித்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ ‘கிதாபுல் அகானீ’ என்னும் பாடல்களின் நூலைத் தொகுத்தார். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகத் தெரிந்தெடுத்த நூறு பாடல்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கிய அந்நூல் இருபது பாகங்களுக்கு மேல் விரிந்தது. இயற்றியவர் யார், மெட்டமைத்தவர் யார், பாடிய அடிமைப் பெண் யார், இச்செய்தியைத் தமக்குச் சொன்னவர் யார் என்று ஹதீஸ் நூல்போல ஸனதோடு எழுதிவைத்தார். மதுக்கூடத்தில் பிறந்த பாட்டுக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

மேல்நாட்டிலும் இதே நோய் உண்டு. மான்செஸ்டர் நகரில் 1982இல் திறந்த ‘ஹசியெண்டா’ என்னும் நடனக்கூடம் 1997இல் மூடப்பட்டது. பின்பு அதை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டி, அதே பெயரைச் சூட்டி விற்றார்கள். ஏக்கம் சதுர அடிக் கணக்கில் விலை போயிற்று. 1926இல் தொடங்கிய ‘மெலடி மேக்கர்’ என்னும் இசை இதழோ 2000ஆம் ஆண்டில் நின்றுபோனது. ஆனால் அங்கே ஒரு பெண்மணி தம் பெயருக்காகப் போராடினார். 1990இல் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய ஓர் ஆட்டப்பாடலில் ஒலித்தது மார்த்தா வாஷ் என்பவரின் குரல். படக்காட்சியில் வாயசைத்தவரோ வேறொரு பெண். மார்த்தா வாஷ் நீதிமன்றப் படியேறித் தம் குரலைத் தம் பெயருக்கு மீட்டுக்கொண்டார்.

இங்கே நடப்பது என்ன? 2022இல் ‘விக்ரம்’ படத்தில் ஒரு காட்சிக்குப் பின்னணியாக 1995ஆம் ஆண்டு ‘அசுரன்’ படத்தின் ஆட்டப்பாடல் ஒன்றைச் சேர்த்தார்கள். நாடே அதை முணுமுணுத்தது. அதற்கு இசையமைத்த ஆதித்யன் 2017இலேயே மறைந்துவிட்டார். உயிரோடிருந்த காலத்தில் இந்த ஏக்கம் எங்கே போயிருந்தது? 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகவும் ஊதியம் அனுப்பியதாகவும் அவரே அறிவித்தார். அது நாணயமான செயல். எனக்கு உறுத்துவது வேறு: இயந்திரத்துக்குத் தெரிந்த குரல் நம் தெருவுக்குத் தெரியவில்லை.

‘ஆட்டப்பாட்டு அழிந்தால் அழியட்டுமே, உமக்கென்ன கவலை?’ என்று என் சக ஆலிம்கள் சிலர் கேட்பார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒலிநாடாவுக்கு மார்க்கம் தெரியாது. ஊர்வசிப் பாட்டுப் பதிந்த அதே பழுப்பு நாடாவில்தான் நம் கந்தூரிக் கச்சேரிகளும், மௌலூது மஜ்லிஸ்களும், பெரியோர்களின் பயான்களும் பதிந்துள்ளன. ஈரம் பட்டால் இரண்டிலும் ஒரே பூஞ்சைதான் பூக்கும். நாடாக்களை ஓட்டும் கருவிகளே அருகிவருகின்றன, காலம் தாழ்த்தாதீர் என்று யுனெஸ்கோ 2019இலேயே உலகுக்கு எச்சரிக்கை விடுத்தது. இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்கள் மறைந்தது 2015இல். விடிய விடிய அவர் பாடிய மேடைகளுக்குக் கூட்டம் கூட்டமாகச் சென்றோம். அவருக்குப் பாடல் எழுதிய புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் ஆகியோரின் பெயர்களை இன்று எத்தனை வீடுகளில் சொல்வார்கள்? எல்லாம் ‘ஹனீபா பாட்டு’தான். ஆட்டப்பாட்டுக்காரர்களைக் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி?

வழி இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராக நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் அது ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எல்லாரும் ஒலிநாடாவில் மயங்கியிருந்த அதே ஆண்டுகள்தாம்! நாம் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வந்தவாசியில் கோரைப்பாய் நெய்யும் வீடுகளில் டேப்ரிகார்டர் நாள் முழுதும் பாடிக்கொண்டிருந்தது; அந்த நாடாக்கள் பரணில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றை இறக்குங்கள். அட்டையில் உள்ள பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அட்டை இல்லாதவற்றுக்கு, பாடியவர் யார், எங்கே பதிந்தது, எந்த ஆண்டு என்று நன்னிமாரிடமும் பாட்டனார்மாரிடமும் இன்றே கேளுங்கள். அந்த ராவிகளின் வயதும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓடும் கருவி எவர் வீட்டிலேனும் இருந்தால், ஜமாஅத் அதை இரவல் வாங்கி, இளைஞர்களிடம் கொடுத்து, கணினியில் ஏற்றச் சொல்லட்டும். ஆடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று.

இன்னொன்றும் உண்டு. அடுத்த வரவேற்பு விருந்தில் அந்த 1994ஆம் ஆண்டுப் பாட்டைப் போடத்தான் போகிறீர்கள். நான் சொல்லி நிறுத்தப் போவதில்லை. போடுமுன் ஒலிபெருக்கியில் ‘பாடியவர்களுள் ஒருவர் சாகுல் ஹமீது’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எத்தனை பேர் கையிலிருக்கும் பிரியாணித் தட்டோடு திரும்பிப் பார்த்து ‘நம்ம ஆளா?’ என்று கேட்கிறார்கள் என்பதை எண்ணி, இவ்விதழுக்கு எழுதி அனுப்புங்கள்.