அலமாரிக்கும் ஆற்றுக்கும் நடுவே

காலப் பயணக் கதை என்றால் ஒரு யந்திரமும் கிறுக்கு விஞ்ஞானியும் வேண்டும் என்று வாசகர்கள் பழகிவிட்டார்கள். 1895-ல் எச்.ஜி. வெல்ஸ் ஏற்படுத்திய பழக்கம். ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' (1979) நாவலில் யந்திரமே கிடையாது.

1976 ஜூன் 9. கலிஃபோர்னியாவில் புது வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள் டேனா என்ற கறுப்பினப் பெண். தலை சுற்றுகிறது. எதிரே ஓர் ஆறு, மூழ்கும் வெள்ளைக்காரச் சிறுவன். அது அடிமைகள் காலத்து மேரிலாண்ட். அவனைக் காப்பாற்றிவிட்டுச் சேறும் ஈரமுமாகத் திரும்பினால், கணவன் கணக்கில் கழிந்தது சில விநாடிகள்!

பண்ணை முதலாளியின் மகனான அந்த ரூஃபஸ் இவளுடைய மூதாதை. அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இவள் இழுக்கப்படுகிறாள். கொடியவனாகவே வளர்கிறான். ஆனாலும் அவனுக்கு ஒரு மகள் பிறக்கும்வரை சாகவிட முடியாது. அந்தக் குழந்தையைப் பெறப்போகிறவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பது டேனாவுக்குத் தெரியும். பட்லரின் தாய் வீட்டு வேலை செய்தவர். முதலாளிகள் வீட்டில் பின்வாசல் வழியாக நுழைந்தவர்.

பயணங்களைவிட இடைவெளிகளே அதிகம் பதற வைக்கின்றன. சோப்பும் கத்தியும் அடங்கிய பையை உடம்போடு கட்டிக்கொண்டு டேனா வீட்டிலேயே காத்திருக்கிறாள். கார் ஓட்டவும் பயம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கடைசிப் பயணத்தில் அவள் ஒரு கையை இழந்தாள் என்பதை முதல் வரியிலேயே பட்லர் போட்டு உடைத்துவிடுகிறார். அப்படியும் புத்தகத்தை மூட முடிவதில்லை. எப்படிப் போனது என்று தெரிய வேண்டுமே. பால் பொங்கினால் பொங்கட்டும்.