பத்தொன்பது ஜிபி சேலை

எங்கள் தேவிகாபுரத்தில் மேகம் என்றால் கனககிரீஸ்வரர் மலைக்கு மேலே வந்து நின்று, ஆசை காட்டிவிட்டு, பெய்யாமல் சேத்துப்பட்டு பக்கம் போய்விடும். அதனால்தானோ என்னவோ, 'கிளவுட்' என்றாலே எனக்கு ஆரம்பத்திலிருந்து நம்பிக்கை இல்லை.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா ஒரு கையில் பட்டன் போனும், இன்னொரு கையில் பழைய பஞ்சாங்கமுமாக வந்தார்.

"தம்பி, அவரு எடுத்த போட்டோ எல்லாம் மேல இருக்குதாமே? ரெண்டு வருஷம் தொடலைன்னா அழிச்சிடுவாங்கன்னு பொண்ணு சொல்லுது. நெசமா?"

நெசம்தான். இரண்டு வருடம் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்க ஆரம்பித்தது கூகுள். முன்கூட்டி மெயில் அனுப்புவார்கள். யாருக்கு? அதே கணக்குக்காரருக்கு! அண்ணன் காலமாகி இருபத்திரண்டு மாதம் ஆகிறது.

கூலிக்கு நெய்தவர் அவர். சேலையை அறுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் அதை ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது. ஆகவே கொடுக்கும் முன்னால் முந்தியையும் பார்டரையும் போனில் ஒரு படம் எடுத்து வைப்பார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அப்பா நெய்த ஒரு மயில் பார்டரில் முகூர்த்தப் புடவை வேண்டும் என்கிறது பெண். போன் எப்போதோ உடைந்து போச்சு.

பாஸ்வேர்டு, பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தது. போட்டேன். ஓடிபி கேட்டது. எனக்கு வேர்த்துவிட்டது. அக்காவின் பட்டன் போன் 'டிங்' என்றது. அண்ணனின் சிம்! இத்தனை மாதமும் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறார்.

"தெண்டத்துக்குக் காசுன்னு எல்லாரும் திட்னாங்க. அவரு நம்பரை எப்படி தம்பி வுடறது?"

உள்ளே போனால் பத்தொன்பது ஜிபி. இலவசம் 15தானே என்று என் மகன் பெங்களூரிலிருந்து போனில் குறுக்குக் கேள்வி கேட்டான். 2021 ஜூன் 1-க்கு முன்னால் சுருக்கி ஏற்றிய படங்கள் அந்தக் கணக்கில் வராது, தெரியுமோ என்றேன். (மகனுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம் இதுதான்.)

ஒவ்வொரு படமாக இறக்கினால் தை போய் ஆடி வந்துவிடும். அதற்காகவே 'டேக்அவுட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓட்டல் பார்சல் மாதிரிதான். முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, போட்டோஸ் மட்டும் டிக் பண்ண வேண்டும். பார்சல் கட்டி முடித்ததும் மெயிலில் லிங்க் வரும். சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். வந்தபின் ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

பொட்டலம் என்ன சைஸ் என்று கேட்டது. நான் ஜம்பமாக 50 ஜிபி என்றேன். ஒரே மூட்டை. முக்கால்வாசி இறங்கியபோது கரண்ட் போச்சு. மூட்டையும் போச்சு. "பத்து சேலையை ஒரே பாவுல போட்டு நெய்யற ஆள் இவரு" என்றாள் என் மனைவி. மறுபடி 2 ஜிபி பொட்டலங்களாகக் கேட்டேன். பத்துப் பொட்டலம். நடுவில் கரண்ட் போனாலும் ஒன்றுதான் நஷ்டம்.

பிரித்தால் எல்லாப் படத்துக்கும் இன்றைய தேதி! அக்கா முகம் சுண்டிவிட்டது. அது ஃபைல் பிரித்த தேதி. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கிறது, 'டேட் டேக்கன்' காலத்தில் பார்க்கலாம் என்று காட்டினேன். கூடவே வரும் ஜேசன் ஃபைல்களைக் குப்பை என்று தூக்கிப் போட இருந்தேன். அவற்றிலும் தேதி, விவரம் எல்லாம் இருக்குமாம். மகன் பழிதீர்த்துக்கொண்டான்.

வேடிக்கை பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "நாங்க இதையெல்லாம் மேகத்துல போடல, பரண்ல போட்டோம். எலிய மட்டும் பாத்துக்கணும்" என்றார். ஜக்காடு அட்டைக் கட்டுகளைச் சொல்கிறார். தப்பில்லை. ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804-ல் உருவாக்கிய தறிக் கருவியின் ஓட்டை அட்டையைப் போன்ற ஒன்றை வைத்துத்தான் 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகையையே கணக்கெடுத்தார்கள். கம்ப்யூட்டருக்குத் தாத்தா முறை எங்கள் ஊர்த் தறி!

மயில் பார்டர் ஏழாவது பொட்டலத்தில் கிடைத்தது. கூடவே ஒரு சங்கதி: எல்லாப் படத்திலும் இடது மூலையில் அண்ணனின் கட்டைவிரல் விழுந்திருந்தது. "இதை வெட்டிட்டு கிராப் போடறவருக்கு அனுப்பறேன் அக்கா" என்றேன்.

"அவருக்கு வெட்டி அனுப்பு தம்பி. எனக்குக் குடுக்கற பென் டிரைவ்ல விரல் இருக்கட்டும்."

இரண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அட்டை அடித்தாகிவிட்டது. பாவு ஏற்ற நல்ல நாள் பார்க்க, அதே பஞ்சாங்கத்தைத் திருப்பி வாங்கிப் போயிருக்கிறார். அது பழைய வருஷத்துப் பஞ்சாங்கம் என்று யார் சொல்வது?