எல்லாப் பெட்டிக்கும் ஒரு ரிமோட்

காட்டாக்கடையிலிருந்து சங்கத்து அன்பர் ஒருவர் வினா ஒன்று விடுத்துள்ளார். அவர் இல்லத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, கேபிள்காரர் தந்த செட்டாப் பெட்டி ஒன்று, ஐந்து ஒலிபெருக்கிகளுடன் கூடிய ஹோம் தியேட்டர் ஒன்று, படத்தட்டு ஓட்டும் கருவி ஒன்று, ஆக நான்கு கருவிகள் உள்ளன. நான்கிற்கும் நான்கு ரிமோட். இவை அனைத்தையும் ஒன்றாக்கும் ‘யூனிவர்சல் ரிமோட்’ எதை வாங்கினால் நலம் என்று கேட்கிறார். பாறசாலைப் பக்கத்திலும் நெய்யாற்றின்கரையிலும் குடியிருக்கும் நம்மவர் பலரும் இதே வினாவைக் கேட்கக் கண்டோம். ஆதலின் இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

கடைக்குச் செல்லுமுன் அன்பர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பகற்பொழுதில் அந்த ரிமோட்டைக் கையில் எடுப்பவர் யார்?

நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிழைப்பின் பொருட்டு இங்கு வந்த குடும்பங்களில், கணவனும் மனைவியும் காலையிலேயே வேலைக்குச் சென்று விடுகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். வீட்டில் எஞ்சியிருப்பவர், ஊரில் தனித்திருக்கலாகாது என்று அழைத்து வரப்பட்ட மூதாட்டி ஒருவரே. அவருக்கு ஆங்கில எழுத்தும் தெரியாது, மலையாள எழுத்தும் தெரியாது. அண்டை வீட்டாருடன் நான்கு வார்த்தை பேசினாலும், பேச்சுத் துணை என்று சொல்லத்தக்கது பிற்பகலில் தமிழில் வரும் தொடரும் பக்திப் பாடலுந்தான். அத்துணைக்கும் இடையே நான்கு ரிமோட்டுகள் கிடக்கின்றன. ஒன்றை அழுத்தினால் படம் வருகிறது, ஒலி இல்லை. மற்றொன்றை அழுத்தினால் ஒலிபெருக்கி உறுமுகிறது, படம் மறைகிறது. பிறகு நீலத்திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி. “ஆச்சி, நீங்கள் எதையும் தொடாதீர்கள், நான் வந்து போட்டுத் தருகிறேன்” என்று பேரன் சொல்லிச் செல்கிறான். ஆச்சியும் தொடுவதில்லை. அவன் வரும் மாலை வரை வாயடைத்த பெட்டியின் முன் அமர்ந்திருக்கிறார். பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய கருவி, வீட்டில் அதிக நேரம் இருப்பவருக்கே பயன்படவில்லை! எனவே எத்தனை ஆயிரம் கருவிகளை இயக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கலாகாது. ஆச்சியின் கைக்கு அடங்குமா என்பதே நமது அளவுகோல்.

முன்னாளில் இத்தொல்லை இருந்ததில்லை. வீட்டின் கடைக்குட்டிப் பையனே அந்நாளைய ரிமோட். “சத்தத்தைக் குறை”, “மாடிக்குப் போய் ஆண்டெனாவைத் திருப்பு” என்று ஏவினால் போதும், மின்கலமும் வேண்டியதில்லை. மேனாட்டில் ஜெனித் நிறுவனம் 1955இல் ஒளிக்கற்றையால் இயங்கும் ரிமோட்டை வெளியிட்டது. ஜன்னல் வழியே வெயில் அடித்தாலும் பெட்டி தானே நிலையம் மாற்றிக் கொண்டதாம்! அடுத்த ஆண்டே ராபர்ட் ஆட்லர் என்பார், அலுமினியக் கம்பிகளைச் சிறு சுத்தியல் தட்ட எழும், செவிக்குப் புலனாகாத ஒலியால் இயங்கும் கருவியை அமைத்தார். அகச்சிவப்புக் கதிர் பின்னரே வந்து நிலைபெற்றது. பிற ரிமோட்டுகளின் குறிகளைக் கற்றுக்கொள்ளும் ‘கோர்’ என்னும் கருவியை 1987இல் வெளியிட்டவர், ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக். நம் நாட்டிலோ, 2011ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்திருத்தத்தின்படி செட்டாப் பெட்டி கட்டம் கட்டமாகக் கட்டாயமான பிறகே, ஏழை வீட்டிலும் இரண்டாவது ரிமோட் நுழைந்தது.

இனி, ஒன்றின் ரிமோட் மற்றொன்றை ஏன் இயக்குவதில்லை என்பதைக் காண்போம். நமது ரயில்வேத் தொழிலில் பழைய தந்தி முறையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். தட்டுவது ஒரே விரல்தான், ஆயினும் குறிகளை இருபுறத்தாரும் ஒரே வகையாகக் கொண்டாலன்றிச் செய்தி சேராது. ரிமோட்டின் நுனியிலுள்ள சிறு விளக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு வீசுகிறது. ஒரு வகையில் அவ்வொளி நொடிக்கு 38,000 முறை துடிக்கும். பிலிப்ஸ் வகுத்த முறையில் 36,000 முறை, சோனியின் முறையில் 40,000 முறை. அத்துடிப்பின் மேல் ஏற்றப்படும் குறிகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். யூனிவர்சல் ரிமோட் என்பது இப்பல மொழிகளையும் பேசக்கூடிய துபாஷி, அவ்வளவே.

துபாஷி கிடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா எனில், இல்லை. இங்குதான் பலரும் ஏமாறுகின்றனர். ஒரே பொத்தானை அழுத்தினால் எல்லாக் கருவிகளும் ஒருங்கே விழிக்கும் என்று விற்பனையாளர் சொல்வார். ஆனால் மிகப்பல கருவிகளில் ‘பவர்’ பொத்தானுக்கு ஒரே குறிதான் உண்டு. உறங்கும் பெட்டியை அது எழுப்பும், விழித்திருக்கும் பெட்டியை அதுவே உறங்க வைக்கும். செட்டாப் பெட்டி மட்டும் ஏற்கெனவே விழித்திருந்தால், ஒரே பொத்தான் மற்றவற்றை எழுப்பி அதனை அணைத்துவிடும். மீண்டும் அழுத்தினால் நிலை தலைகீழாகுமேயன்றி ஒன்றுபடாது. பழைய கைகாட்டி மரம் கிடையாக நின்றால் ‘நில்’, தாழ்ந்தால் ‘செல்’. இரண்டிற்கும் நிலை வேறு, ஆதலால் ஐயத்திற்கு இடமில்லை. ‘எழு’ என்பதற்கு ஒரு குறியும் ‘உறங்கு’ என்பதற்கு வேறொரு குறியும் உள்ள கருவியாயின் ஒற்றைப் பொத்தான் நம்பத்தக்கது. அவ்வாறில்லையேல் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பவர் பொத்தான் வைத்துக்கொள்வதே நேர்மையான ஏற்பாடு.

நிற்க. புதிதாக ஒன்றும் வாங்காமலேயே காரியம் முடியக்கூடும் என்பதை முதலில் சோதித்தறிக. ஹோம் தியேட்டரும் தொலைக்காட்சியும் எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைந்திருந்தால், அவ்வடத்தின் வழியே அவை தம்முள் பேசிக்கொள்ள ஒரு முறை உண்டு. அதன் பெயர் சி.இ.சி. என்பது. சாம்சங் அதனை ‘எனிநெட் பிளஸ்’ என்றும், எல்.ஜி. ‘சிம்ப்ளிங்க்’ என்றும், சோனி ‘பிரேவியா சிங்க்’ என்றும் வெவ்வேறு பெயரிட்டு அழைப்பதால் மக்கள் அடையாளம் காண்பதில்லை. அமைப்புப் பக்கத்தில் இதனை இயக்கி, இரு கருவிகளிலும் ‘ஏ.ஆர்.சி.’ என்று குறித்த துளைகளில் வடத்தைச் செருகினால், தொலைக்காட்சி விழிக்கும்போது ஒலிக்கருவியும் விழிக்கும். தொலைக்காட்சி ரிமோட்டின் ஒலிப்பொத்தானே ஒலிக்கருவியை ஏற்றி இறக்கும்.

அன்றியும், நீங்கள் வைத்திருக்கும் செட்டாப் பெட்டி ரிமோட்டை ஒருமுறை உற்றுநோக்குக. பலவற்றில் மேற்புறம் நான்கைந்து பொத்தான்கள் தனிக்கட்டமாக, ‘டிவி’ என்னும் குறியுடன் இருக்கும். அவை கற்கும் பொத்தான்கள். அருகிலுள்ள ‘செட்’ பொத்தானைச் சிறு விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடித்து, இரு ரிமோட்டுகளையும் நுனியோடு நுனி சில அங்குல இடைவெளியில் வைத்து, முதலில் கற்கவேண்டிய பொத்தானையும் பிறகு கற்பிக்கும் பொத்தானையும் அழுத்தினால் பாடம் முடிந்தது. சிலவற்றில் முறை சற்று மாறலாம், கேபிள்காரரைக் கேட்டால் காட்டித் தருவார். இவ்வாறு தொலைக்காட்சியின் பவரும் ஒலியும் செட்டாப் ரிமோட்டிலேயே வந்துவிட்டால், ஆச்சிக்கு ஒரே ரிமோட்! படத்தட்டுக் கருவியின் ரிமோட்டை அலமாரியில் வைத்துவிடலாம். ஆச்சி படத்தட்டுப் பார்க்கப் போவதில்லை.

ஹோம் தியேட்டர் எச்.டி.எம்.ஐ. இல்லாத பழைய வகையாயின் இவ்வழி பயன்படாது. அப்போது வாங்கத்தான் வேண்டும். அவ்வாறு வாங்குமிடத்து, குறியெண் அட்டையைப் பார்த்து எண்களை அழுத்தித் தேடும் வகையைக் காட்டிலும், பழைய ரிமோட்டினின்று நேரே கற்கும் வகையையே நாம் விரும்புவோம். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதிலும் பொத்தான்கள் குறைவாகவும் பெரிதாகவும் உள்ளது சாலச் சிறந்தது. ஒன்று மறவற்க: கற்பிக்கும் ஆசான் உயிருடன் இருத்தல் வேண்டும். மூல ரிமோட் கெட்டபின் கற்கும் ரிமோட்டை வாங்கிப் பயனில்லை. ஆதலின் எல்லாம் நன்றாக இயங்கும் காலத்திலேயே பாடத்தை முடித்துவிடுக.

கைப்பேசியையே ரிமோட்டாக்கலாமே என்பர் இளைஞர். ஷாவ்மி போன்ற சிலவற்றின் கைப்பேசிகளில் அகச்சிவப்பு விளக்கு இருப்பது உண்மையே. ஆனால் மகன் அலுவலகம் செல்கையில் கைப்பேசியும் உடன் செல்கிறது, ரிமோட்டும் சென்றுவிடுகிறது. இணையத்தின் துணைகொண்டு அமைக்கும் விலையுயர்ந்த ரிமோட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுள் புகழ்பெற்று விளங்கியது லாஜிடெக் நிறுவனத்தின் ‘ஹார்மனி’. 2021 ஏப்ரலில் அந்நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்க்கு உதவி தொடரும் என்றது. எனினும் எங்கோ தொலைவிலுள்ள கம்பெனியின் மனத்தை நம்பி ஆச்சியின் பிற்பகலை ஒப்படைப்பது நமக்கு உவப்பன்று. தொலைக்காட்சியில் செருகும் ‘ஃபயர் ஸ்டிக்’ போன்றவை புளூடூத்தால் இயங்குவன, சாதாரண அகச்சிவப்பு ரிமோட்டுக்கு அவை செவிசாய்க்கா என்பதையும் அறிந்து வாங்குக.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள் இரண்டு. கைப்பேசியின் படக்கருவியை ரிமோட் நுனிக்கு எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிர்நீலமாகவோ ஊதாவாகவோ ஒளி தெரியும். பின்புறப் படக்கருவியில் தெரியாவிடின் முன்புறத்ததில் பார்க்கலாம். ஒளி இல்லையேல் ரிமோட் உயிரற்றது. அடுத்து, கற்பித்தபின் மின்கலத்தைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்து மீண்டும் இடுக. கற்றதை மறந்துவிடும் மலிவுச் சரக்கும் சந்தையில் உண்டு.

வீட்டிற்குக் கொணர்ந்தபின், வேண்டாத பொத்தான்களின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவிடலாம். பவருக்குச் சிவப்பு, ஒலிக்கு மஞ்சள் என்று வண்ணப்பொட்டு வைக்கலாம். ஆச்சி பார்க்கும் தமிழ் நிலையங்களின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுக. கேபிள்காரர் எண்ணை மாற்றும் நாளில் தாளையும் மாற்றவேண்டும். பிறகு ஒருநாள் முழுதும் அவரையே இயக்கச் சொல்லி, நாம் குறுக்கிடாமல் தள்ளி அமர்ந்து பார்க்கவேண்டும். தாம் எங்கே தடுமாறுகிறோம் என்பதை அவரே சொல்லுவார்.

இன்னும் ஒன்று. இப்பக்கத்தில் துலா மாத மழையின்போது பிற்பகலில் இடி இடித்தால் எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிடுவது வழக்கம். மீண்டும் செருகும்போது சில கருவிகள் விழித்தெழும், சில உறங்கியே கிடக்கும், சில ஒலிக்கருவிகள் வேறு வழிக்கு மாறி நிற்கும். ஆகவே ஒருமுறை வேண்டுமென்றே எல்லாவற்றையும் பிடுங்கிச் செருகி, அந்நிலையிலிருந்து ஆச்சியால் தமிழ் நிலையத்தை வரவழைக்க முடிகிறதா என்று பார்த்துவிடுக. செருகிகளைப் பிடுங்காமலே இடியினின்று காக்குமென்று கடைகளில் விற்கும் காப்புப் பலகைகளைப் பற்றி அன்பர்கள் சிலர் கேட்டுள்ளனர். அதனை அடுத்த திங்கள் இப்பகுதியில் ஆராய்வோம்.