மாணிக்கத்துக்கும் வெயில் சுடும்

சித்திரை மாதத்து மதுரை. காலை எட்டு மணிக்கு, வைரப் பட்டடைக் கலத்துக்கு வெளியே வைத்த மாணிக்கத் துகளின் ஆர்-1 கோட்டைப் பூஜ்யக் கோடாக அளந்து குறிக்கிறோம், 694.2 நானோமீட்டரை ஒட்டி நிற்கிறது. பிறகு கேஸ்கெட்டின் மயிரிழை அகலத் துளைக்குள் மாதிரியையும் இன்னொரு துகளையும் ஊசிமுனையால் தள்ளி, கலத்தை மூடிச் சீராக்குவதற்குள் பிற்பகலாகிவிடுகிறது. இடையில் மின்சாரம் போய், ஏசி நின்று, அறையில் பத்து டிகிரி ஏறிவிட்டது.

மாணிக்கக் கோடு ஒரு கிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.365 நானோமீட்டர் நகரும். ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.007. காலைக் குறிப்பை வைத்துப் பிற்பகலில் கணக்குப் போட்டால், வெயிலே 0.2 கிகாபாஸ்கலைக் கூட்டிக் காட்டும். 100 கிகாபாஸ்கலில் வேலை செய்பவருக்கு இது தூசு. 2 கிகாபாஸ்கலில் கட்ட மாற்றம் தேடுபவருக்கோ பத்தில் ஒரு பங்கு. சில புள்ளிகள் காலையில், சில பிற்பகலில் என்றால் அமுக்க வளைவே கோணிவிடும்.

இந்தப் பிழை ஆய்வகத்தோடு நிற்பதில்லை. வத்தலக்குண்டைத் தாண்டிப் பெரியகுளம் போகும் வழியில் இருக்கிறது கெங்குவார்பட்டி. சஃபிரின் கனிமம் தாங்கிய அதன் பாறைகள், சுமார் 1 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் 1000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வெந்தவை என்பது பாறையியலாளர் கணிப்பு. அத்தகைய கணிப்புகளுக்கு வேண்டிய கனிம அமுக்கத்தன்மை எண்கள் நம்மைப் போன்றோரின் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு அளவீடுகளிலிருந்தே போகின்றன. 0.2 கிகாபாஸ்கல் என்பது புவியோட்டில் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் ஆழம்.

இந்தூரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானின் பதினொன்றாம் பீம்லைன் அதீத நிலை ஆய்வுக்கென்றே அமைந்தது. அங்கே கிடைக்கும் நேரம் அரிது. அறை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், ஊரிலிருந்து கொண்டுபோன பழைய பூஜ்யக் கோட்டை அது திருத்தாது. மாணிக்கத்துக்குப் பதில் அழுத்தம் அளக்க மாதிரியோடு வைக்கும் தங்கப் பொடியும் குறைந்த அழுத்தத்தில் பெரிதாகக் கைகொடுக்காது. அது எளிதில் அமுங்காத உலோகம். மாதிரியோடு வினைபுரியாத இடத்தில் சாதாரண உப்பு மேல்: 0.2 கிகாபாஸ்கலுக்கே அதன் கனஅளவு முக்கால் சதவீதத்துக்கு மேல் குறையும். மாதிரியின் கோடுகள் பதிகிற அதே படத்தில் உப்பின் கோடுகளும் பதியும்.

ஆகவே கட்டுரை அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள். அழுத்த அட்டவணையில் இன்னும் இரண்டு பத்திகள் சேருங்கள்: மாணிக்கத்தை அளந்தபோது அறையின் வெப்பநிலை, பூஜ்யக் கோடு எடுத்தபோது இருந்த வெப்பநிலை. செலவு, மேசையில் ஒரு வெப்பமானி.