கரிக்கணக்கும் கான்ட்ராக்ட் கூலியும்

ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கரி வரி போடுகிறது, நாடு பாதிக்கப்படுகிறது என்று ஒரே கூச்சல். எந்த நாடு? கோவையில் பவுண்டரி வைத்திருப்பவரும், அதே பவுண்டரியில் தினக்கூலிக்குப் பிசிறு தட்டுகிறவரும் ஒரே நாடா? லாபம் வந்த காலத்தில் ‘நாம்’ என்று யாரும் நம்மைக் கூப்பிடவில்லை. வரி வந்ததும் கூப்பிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். 2023 அக்டோபரிலிருந்து 2025 கடைசிவரை கணக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் காசு. சிமெண்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கு, டன் கணக்கில், அங்கே இறக்குமதி செய்கிறவர் சான்றிதழ் வாங்க வேண்டும். 2026இல் போன சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடக்கம்.

இதில் கார் உதிரிபாகம் எங்கே வருகிறது? போல்ட், நட், ஸ்க்ரூ எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கியர்பாக்ஸ் அதில் வரவில்லை. அதாவது போல்ட்டைத் தனியாக அனுப்பினால் வரி. கியர்பாக்ஸில் முடுக்கி அனுப்பினால் இல்லை. இந்த ஓட்டை அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் எஃகும் அலுமினியமும் அதிகமுள்ள சுமார் 180 பொருட்களை, கார் பாகங்களையும் சேர்த்து, 2028 முதல் உள்ளே கொண்டுவரலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்தது.

சின்னவர்களுக்கு விலக்கு உண்டே என்பார்கள். 2025இல் திருத்தம் வந்தது, உண்மைதான். வருஷத்துக்கு 50 டன்னுக்கு மேல் போகாவிட்டால் கணக்கே வேண்டாம். ஆனால் யாருடைய 50 டன்? அங்கே இறக்குமதி செய்கிறவருடையது. அம்பத்தூரில் நாலு லேத் போட்டு ஜாப் வொர்க் செய்கிறவரின் சரக்கு பெரிய கம்பெனி வழியாகப் போய்ப் பெரிய இறக்குமதியாளர் கையில் சேருகிறது. விலக்கு அங்கேயே நின்றுவிடும். கணக்குக் கேட்கும் கடிதம்தான் இங்கே வரும்.

நான் சில வருஷம் அப்படியொரு பட்டறையில் லேத் ஓட்டியவன். வந்து இறங்குகிற கம்பி எந்த ஆலையில் உருக்கியது என்று முதலாளிக்கே தெரியாது. இரும்புக்கடை பில் ஒன்றுதான் அவரிடம் இருக்கும். அவரிடம் போய் ‘உன் கம்பியின் கரி அளவு என்ன’ என்றால் என்ன சொல்வார்? சொல்லத் தெரியாவிட்டால் ஐரோப்பாக்காரர்கள் வைத்திருக்கும் பொது அளவுதான். அதுவும் கொஞ்சம் ஏற்றி வைத்த அளவு. நம் இரும்பு நிலக்கரியில் வேகிற இரும்பு. ஒரு டன் எஃகுக்கு இங்கே ஏறக்குறைய 2.5 டன் கரியமில வாயு. உலக சராசரி 2 டன்னுக்குக் கீழே. இந்தக் கணக்கை எழுதித்தரக் கன்சல்டன்ட்டுகள் இப்போதே கிளம்பிவிட்டார்கள், அது தனிக்கதை.

சட்டப்படி வரி கட்டுகிறவன் ஐரோப்பிய இறக்குமதியாளன். அவன் சும்மா இருப்பானா? விலையில் குறைப்பான். கம்பெனி அதை ஜாப் வொர்க் ரேட்டில் குறைக்கும். பட்டறை முதலாளிக்கு பாங்க் வட்டியைக் குறைக்க முடியாது, கரண்ட் பில்லைக் குறைக்க முடியாது, இரும்புக்கடைக்காரன் விடமாட்டான். அவர் கைக்கு எட்டுவது கூலிதான். நான் இருந்த இடத்தில் ரேட் குறைந்தபோது முதலில் ஓவர்டைம் காசு போனது. அப்புறம் இருந்த ஆளை நிறுத்தி கான்ட்ராக்ட் ஆள். அந்த கான்ட்ராக்ட் வரிசையில் நின்றவர்கள் யார்? எங்கள் சேரிப் பிள்ளைகள். ஐடிஐ முடித்து ஃபிட்டர் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தவர்கள். தனியார் ஆலையில் இட ஒதுக்கீடு கிடையாது. உலை வாசலும் பிசிறு தட்டும் மூலையும்தான் கேட்காமலே ஒதுக்கப்பட்டிருந்தன.

ஐரோப்பாவையும் சும்மா விடுவதற்கில்லை. இரண்டு நூற்றாண்டு நிலக்கரியை எரித்துச் சொத்து சேர்த்தவர்கள். 2005இல் கரிச் சந்தை தொடங்கியதிலிருந்து தங்கள் சொந்த எஃகு ஆலைகளுக்கு இலவச ஒதுக்கீடு கொடுத்துக் காப்பாற்றினார்கள். அது முழுசாக நிற்க 2034 ஆகும். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்று 1992இல் ரியோவில் ஒத்துக்கொண்டதும் இவர்கள்தான். அதற்காக ‘புதுக் காலனியம்’ என்று முழங்குகிற நம்மூர் முதலாளிகள் பின்னால் நான் கொடி பிடிக்க மாட்டேன். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியபோது, முதலீடு வர வேண்டும் என்றுதான் சொன்னார்கள். எதிர்ப்பு வந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். அந்த ஆசை எங்கேயும் போய்விடவில்லை. கரி வரியைச் சாக்காகக் காட்டி அது மறுபடி வரும்.

இன்னொன்று. இந்தக் கணக்கில் பழைய இரும்புக்குக் கரி பூஜ்யம். அதை மின் உலையில் உருக்கினால், இரும்பைப் பொறுத்தவரை கரண்டுக்கான கரியும் இப்போது சேராது. ஆக, பழைய இரும்புக்குக் கிராக்கி. அந்த இரும்பைக் குப்பையிலிருந்து பொறுக்கி, காயலாங்கடையில் தரம் பிரித்து, கை கிழிந்து சுமந்தது யார்? தலைமுறை தலைமுறையாக நாறும் வேலை என்று நம் தலையில் கட்டியது, ஏற்றுமதிப் படிவத்தில் பசுமை இரும்பாகிவிடுகிறது. படிவத்தில் உலை வகை உண்டு, எரிபொருள் உண்டு. பொறுக்கினவளுக்குக் கட்டம் இல்லை.

நம் தோழர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது. உற்பத்தி செய்த நாட்டிலேயே கரிக்கு விலை கட்டியிருந்தால் அதை ஐரோப்பிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவும் 2023இல் கரி வணிகத் திட்டத்தை அறிவித்துவிட்டது. அங்கே போகிற காசில் ஒரு பங்கு இங்கேயே நிற்கப் போகிறது என்றால், அது யார் பெட்டிக்குப் போகும் என்று இப்போதே கேட்க வேண்டும். புது உலை வாங்கும் முதலாளிக்கு மானியமாகவா, உலை முன்னால் நிற்கிறவனின் வைப்புநிதிக்கும் மருத்துவத்துக்குமா? ரேட் குறைந்தாலும் கூலி குறையக்கூடாது என்று வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதச்சொல்லிக் கேட்போம். கணக்குத் தெரிந்த மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூருக்கோ ஓசூருக்கோ வாருங்கள். படிவத்தை வைத்துக்கொண்டு, ஒரு போல்ட்டில் கரிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தொழிலாளர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.