சேம அச்சும் பிரேக் பேடும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது காரின் முன்சக்கர பிரேக் பேடுகளை வீட்டு வாசலில் வைத்து நாமே மாற்றினோம். மறுநாள் நமது நகக்கண்களில் எஞ்சியிருந்த கரியைக் கண்ட துறை நண்பர் ஒருவர், "தமிழ் படித்தவருக்கு இந்த வேலை எதற்கு ஐயா? ஐந்நூறு ரூபாயை வீசினால் பட்டறைப் பையன் செய்துவிட்டுப் போகிறான்" என்றார். உடனிருந்தோர் சிரித்தனர். அச்சிரிப்புக்கான மறுமொழியே இது.

தமிழ் படித்தவர் என்றாரல்லவா, தமிழிலிருந்தே தொடங்குவோம். நாம் ஆண்டுதோறும் நடத்தும் புறநானூற்றில், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறியக்கூடும் என்று அறிந்தவருக்கே அவ்வுவமை வாய்க்கும். வள்ளுவரும் அச்சு முறிவதையும் அச்சாணியின் அருமையையும் குறளுக்குள் கொணர்ந்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. அவர்களை நடத்தி ஊதியம் பெறும் நாமோ, உவமைக்குப் பொழிப்புரை எழுதுவோம். அந்தப் பொருளைத் தொட்டுப் பார்க்க மாட்டோம்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு நாமும் இக்கூட்டத்தில் ஒருவரே. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்திலிருந்து கிரீச்சென்று ஓர் ஒலி. பேட் தேய்ந்தவுடன் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே ஒரு சிறு இரும்பு நாக்கை அதில் பொருத்தியிருக்கிறார்கள் என்பதை அறியோம். பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினோம். பின்னிருக்கையில் மகள் அமர்ந்திருந்தாள். கிரீச்சொலி உறுமலாக மாறிய பிறகே பட்டறைக்குச் சென்றோம். உராயும் பொருள் முற்றும் தேய்ந்து, இரும்போடு இரும்பு அரைத்திருந்தது. டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. "சார், இது ரெண்டு மாசமா உங்களைக் கூப்பிட்டிருக்கு" என்றார் மெக்கானிக். சொல்லுக்குப் பொருள் சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அது தைத்தது.

இம்முறை அவரையே ஆசானாகக் கொண்டோம். அவர் முக்காலியில் அமர்ந்து சொல்ல, நாம் செய்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின்மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புவது மடமை. நமது வண்டியில் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே திருப்பினால் பேடுகள் கைக்கு வந்துவிடும். அங்குள்ள தூளை வாயால் ஊதலாகாது. புதிதில் ஏறத்தாழ 10 மி.மீ. தடிமன் கொண்ட உராய்பொருள் 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது தொட்டியில் பிரேக் ஆயில் உயரும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். எல்லாம் பூட்டிய பின், வண்டியை நகர்த்துமுன், பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதனை மறந்தால் முதல் மிதியில் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

"உயிரோடு விளையாடுவதா?" என்பார்கள். நியாயமான அச்சமே. அதனால்தான் அறிந்தவர் அருகிருக்கச் செய்தோம். ஆயில் குழாய் கசிந்தாலோ பெடல் மெத்தென்று அமிழ்ந்தாலோ பட்டறைக்கே செல்வோம். ஆனால் தன் பிரேக் எப்படி இருக்கிறதென்று ஒருமுறையும் எட்டிப் பாராமல் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் எதனோடு விளையாடுகிறார்?

"பட்டறைக்காரர் பிழைப்பு என்னாவது?" என்பது அடுத்த வினா. முப்பது ஆண்டு அனுபவமுள்ள மனிதரைப் 'பையன்' என்றவரே இதனைக் கேட்பது வியப்பு. வேலையின் அருமை அதனைச் செய்து பார்த்தவனுக்கே விளங்கும். அன்று முதல் அவரிடம் கூலி பேரம் பேச நமக்கு நா எழவில்லை. துறை அறையில் எழுந்த சிரிப்பு நம்மை நோக்கியதன்று. அது அவரையும் அவர் கையையும் நோக்கிய சிரிப்பு. ஆகவேதான் இத்தனை சினம்.

நண்பரின் கார் கல்லூரி வாயிலில் நுழையும்போது நாள்தோறும் ஓர் ஒலி கேட்கிறது. அதன் பொருளை அவரிடம் சொல்லிவிட்டோம். வரும் ஞாயிறன்று நமது வாசல் காலியாகவே இருக்கும். ஜாக்கியும் ஸ்டாண்டும் தயார். பழைய சட்டை அணிந்து வந்தால் போதும்.