மாத்திரைக்குத் துணை தண்ணீரே!

காலை நேரம். ஒரு கையில் காப்பி டம்ளர். மறு கையில் மாத்திரை. மாத்திரையை வாயில் போட்டு, காப்பியை ஒரு மடக்கு குடித்தால் வேலை முடிந்தது!

பல வீடுகளில் இதுதான் வழக்கம். "மாத்திரை உள்ளே போய்விட்டது; இனி கவலை இல்லை" என்று நினைக்கிறார்கள். மாத்திரை வயிற்றுக்குள் போனால் மட்டும் போதுமா? போதாது. அதில் உள்ள மருந்து குடலில் இருந்து ரத்தத்தில் சேரவேண்டும். சில பானங்கள் அதைத் தடுத்துவிடுகின்றன.

தாய்க்கும் சேய்க்கும்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2019-21-ம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 100 கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்த சோகை. இப்படிப்பட்ட தாய்க்குப் பிரசவத்தின்போது ரத்தப்போக்கு அதிகமானால் உயிருக்கே ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

அந்த மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் என்ன ஆகும்?

காப்பியிலும் டீயிலும் துவர்ப்புப் பொருட்கள் இருக்கின்றன. அவை இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட சத்து உடம்பில் சேராது. மலத்தோடு வெளியே போய்விடும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2023-ம் ஆண்டில் வெளிவந்தது. மாத்திரையைக் காப்பியோடு சாப்பிட்டபோது, உடம்பில் சேர்ந்த இரும்புச் சத்து பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! வைட்டமின் 'சி' சேர்த்துச் சாப்பிட்டபோது அது அதிகமாயிற்று. எலுமிச்சம் பழத்திலும் நெல்லிக்காயிலும் இருப்பது இந்த வைட்டமின்தான்.

பாலும் தடுக்கும்

பால் நல்ல உணவு. ஆனால் அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்துக்குத் தடை போடும். ஆகவே, சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் சாப்பிடக் கூடாது.

'டெட்ராசைக்ளின்' என்ற கிருமிக்கொல்லி மருந்தும் பாலோடு சேர்ந்தால் ரத்தத்தில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடவேண்டும். அதன்பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியைத் தொடக் கூடாது.

ஒரு வார்த்தை போதும்

"மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லையே" என்று சில தாய்மார்கள் வருந்துகிறார்கள். சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். குற்றம் மாத்திரையில்தானா? கூடவே குடித்த காப்பியாகவும் இருக்கலாம் அல்லவா?

மாத்திரையைக் கொடுப்பவர்கள், "காலை ஒன்று, இரவு ஒன்று" என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. "தண்ணீரோடு சாப்பிடுங்கள், காப்பி, டீ, பால் வேண்டாம்" என்றும் சொல்லவேண்டும். மாத்திரை உறையின்மேல் தமிழில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவர்கள் சொல்ல மறந்தால், வாங்குகிறவர்கள் கேட்கவேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

வீட்டில் உள்ளவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கர்ப்பிணி மாத்திரையைக் கையில் எடுத்தால், கணவரோ மாமியாரோ ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கட்டும். காப்பி இரண்டு மணி நேரம் கழித்து வரட்டும்.

காப்பி காத்திருக்கும். வயிற்றில் வளரும் பிள்ளை காத்திருக்காது!